ஆறு மீட்டர்

"இந்தப் புள்ள கட்டின பையெல்லாம் பாத்தீயளா சார், ஒவ்வொண்ணும் பூக்கடை மாரில்லா இருக்கு" என்று ஹாஜா அண்ணன் சமையல் கூடாரத்துக்குள் சொன்னபோது நான் வெளியே பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. துப்பினால் சத்தம் கேட்கும், நான் நிற்பது தெரிந்துவிடும் என்று துப்பாமலே நின்றேன். "சேலத்துக்காரில்லா, கல்லு தெரியும்" என்று இருதயராஜ் சார் சிரித்தார். பிறகு டம்ளர் வைக்கும் சத்தம். அவ்வளவுதான். சார் எங்கள் குழுவின் தலைவர், ஹாஜா அண்ணன் சர்வேயர், இரண்டு பேருமே தூத்துக்குடிப் பக்கம். லடாக் மலையில் நாலாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில் லித்தியம் தேட வந்த இந்த முகாமில் பத்தொன்பது நாளாக நான் என்னைப் பற்றிக் கேட்ட முதல் பாராட்டு அது. ஆனால் பூக்கடை மாதிரி இருக்கக்கூடாது. சேனல் சாம்பிள் பை அப்படி இருக்கவே கூடாது. பாறையின் குறுக்கே ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் வருவதை எல்லாம், நல்லது கெட்டது பார்க்காமல், ஒரே அகலம் ஒரே ஆழத்துக்கு வெட்டிப் பையில் போட வேண்டும், மீட்டருக்கு ஒரு பை. அப்படிப் போட்டால் பை அழுக்காக இருக்கும், வெள்ளையும் சாம்பலும் பழுப்பும் கலந்து ரோட்டுக்குக் கொட்டின ஜல்லி மாதிரி. என் ஆறு பையும் ஊதா. லித்தியம் இருக்கிற ஊதா அபிரகம், பளபளவென்று, தகடு தகடாக. மூன்று நாளாக அந்தப் பைகளை நானே தூக்கி வைத்திருக்கிறேன், எண் எழுதியிருக்கிறேன், வாயைக் கட்டியிருக்கிறேன். பூக்கடை என்று வேறொருவர் சொல்ல வேண்டியிருந்தது. நுரையை விழுங்கிவிட்டுக் கூடாரத்துக்குள் போய் "சார்" என்றேன். "சொல்லும்மா தமயந்தி" என்றார். அவர் நிமிர்ந்து பார்த்ததும் நாக்கில் இருந்தது போய்விட்டது. "மேல ஒரு தடவ போயிட்டு வந்துடறேன் சார், போட்டோ சரியா விழல." "பதினொண்ணுக்கு ஜீப்பு எடுத்திருவோம். வெயிலேறினா பனி உருகி ஓடையில தண்ணி வந்திரும், பெறவு வண்டி தாண்டாது. நீ வராட்டியும் ஒண்ணுமில்ல, சாம்பிளையும் என்னையும் லே டவுன்ல எறக்கிட்டு டிரைவர் திரும்பிருவாரு. வாக்கியக் கொண்டுபோ." போட்டோ. போட்டோ என்று ஏன் சொன்னேன். பையில் வாக்கி டாக்கியோடு உளி, சுத்தி, காலிப் பை ஆறு, டேப், எல்லாம் எடுத்துக்கொண்டேன். புதிதாக ஆறு மீட்டர் வெட்டி, அதே எண்ணை எழுதி, பதினொன்றுக்கு முன் இறங்கி, பையை மாற்றி வைத்துவிட வேண்டும். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இருபது அடி நடை, ஒரு நிற்பு. இருபது அடி, ஒரு நிற்பு. குன்சேஸ் எனக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறுகிறாள், வீட்டு வாசலில் உலாத்துகிற மாதிரி. கீழே ஓடையோரம் கோடைக்கு ஆடு ஓட்டி வந்து தங்கியிருக்கிற குடும்பம் அவளுடையது. எங்களுக்கு வழி காட்டவும் சுமக்கவும் தினமும் வருகிறாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் நான் அவளுக்கு நோமோ, தங்கை. அவள் எனக்கு அச்சே, அக்கா. எங்கள் இருவருக்கும் நடுவே இருக்கிற ஹிந்தி இரண்டு பேருக்குமே அரைகுறை. ஆறு மீட்டர். ஒரு மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடக்கூடாது. போட்டால் நின்றுவிடுவேன். பைகளை நிரப்பின அன்றைக்கும் கணக்குப் போட்டதால்தான் வினை வந்தது. கல் அறுக்கும் மெஷின் இந்தக் காற்றில் மூச்சு முட்டி நின்றுவிட்டது, உளியால் வெட்டிக்கொள்ளலாம் என்று நான்தான் தலையாட்டினேன். பெயிண்டில் ஆறு மீட்டருக்குக் கோடு போட்டேன், கோடு நேராகத்தான் இருந்தது. முதல் ஒரு சாணுக்கு அரை மணி. குவார்ட்ஸ், கண்ணாடி மாதிரி, உளி வழுக்கி வழுக்கிக் கையில் அதிர்ச்சி முழங்கைவரை ஏறுகிறது. அதற்குப் பக்கத்திலேயே ஊதா. ஊதா மெத்து. தட்டினால் வந்துவிடுகிறது, பிஸ்கட் பாக்கெட்டில் பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக. நான் தேர்ந்தெடுக்கவில்லை. கண் தேர்ந்தெடுக்கவில்லை. உளி எங்கே சுலபமாக இறங்கியதோ அங்கே கை போனது. தலைவலி, காற்று, சூரியன் வேறு முகட்டுக்குப் பின்னால் போகப் பார்க்கிறது. கை போன இடமெல்லாம் ஊதா. இதற்குப் பெயர் ஏமாற்று இல்லை. ஆனால் பையோடு கட்டுகிற அட்டையில் சேனல் என்று எழுதியது கை இல்லை, நான். ஒவ்வொரு அட்டையிலும் எழுதினேன். ஆறு தடவை. இரண்டாவது தடவை எழுதும்போது தெரிந்திருந்ததா? மூன்றாவது தடவை? ஆறாவது தடவை எழுத்து அழகாக இருந்தது, அது ஞாபகம் இருக்கிறது.

உயரத்தில் மூளை வீங்கும் என்று அச்சடித்த தாள் ஒன்று கூடாரத்தில் தொங்குகிறது. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு, திடீர்ப் பிடிவாதம். இந்தக் கடைசியை நான் நிற்கும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன். பிடிவாதம் எப்போது வியாதி? இன்று காலை நான் கிளம்பியது எதனால், எனக்குள் இருக்கிற எதனாலா, இல்லை ரத்தத்தில் குறைந்துபோன எதனாலா? வீட்டில் நான் பிடிவாதம் பிடித்ததே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. சோதித்துப் பார்க்கலாம். கனிமங்களின் கடினம், மெத்திலிருந்து கெட்டிக்கு, முதல் வருடம் படித்தது. டால்க், ஜிப்சம், கால்சைட், ஃப்ளோரைட். அடுத்தது. ஃப்ளோரைட்டுக்கு அடுத்தது. இருபது அடி நடந்தேன், வரவில்லை. ஒரு காலின் விரலை ஒட்டி மற்றக் காலின் குதியை வைத்து நேர்கோட்டில் நடந்து பார்த்தேன், நடக்க வந்தது. குன்சேஸ் திரும்பிப் பார்த்து, "என்ன நோமோ, டான்ஸா?" என்றாள். "இல்ல அச்சே, செக் பண்றேன்." "கால் இருக்கான்னா? இருக்கு, ரெண்டும் இருக்கு. வயித்துலதான் ஒண்ணுமில்ல. நேத்து ராத்திரி நீ சாப்பிட்டதை எங்க ஆட்டுக்குட்டிக்குப் போட்டா அது என்னைக் கோவிச்சுக்கும்." சிரித்தால் மூச்சு போய்விடும், சிரித்தேன், போய்விட்டது, உட்கார்ந்தேன். அபடைட். உட்கார்ந்ததும் வந்துவிட்டது, ஐந்தாவது அபடைட், பிறகு ஆர்த்தோகிளேஸ், குவார்ட்ஸ் ஏழு, எல்லாம் வரிசையாக வந்தது. சரி. இது என் பிடிவாதம்தான். கீழே முகாம் நாலு தீப்பெட்டி, ஜீப் ஒரு பொத்தான். போட்டோ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். போட்டோ என்றால் எனக்கு ஒரே போட்டோதான். போன வருடம் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப அம்மா ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனாள். ஸ்டூடியோக்காரர் நாற்பது படம் எடுத்தார். அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளி, ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுந்த ஒன்றை எடுத்தாள். அதில் நான் நிறமாக இருந்தேன், கன்னம் ஒட்டியிருக்கவில்லை, சிரிப்புகூட வந்திருந்தது. அது நான் இல்லை என்று சொல்ல முடியாது. நான்தான். நாற்பதில் ஒன்று. தருமபுரியிலிருந்து அவர்கள் வந்தார்கள், மாப்பிள்ளையின் அக்கா கையில் போனை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி என்னை. வாசலில் செருப்புப் போடும்போது, "படத்துல வேற மாதிரி இருந்துச்சே" என்றார், மெல்லத்தான் சொன்னார். அம்மா அன்று முழுக்க ஹால் பல்பைத் திட்டினாள். நாற்பது வாட்ஸ் பல்பில் யார்தான் நன்றாக இருப்பார்கள் என்று. நான் காபி டம்ளர்களைக் கழுவினேன். எனக்கு வருத்தம் எதற்கென்றால் அவர்கள் என்னை வேண்டாம் என்றதற்கு இல்லை. அவர்கள் வண்டி பிடித்து நாலு பேராக அத்தனை தூரம் வந்தது ஒரு படத்துக்காக. இந்த மலைக்கும் அப்படி யாரோ வரப்போகிறார்கள். துளை போடும் மெஷின், ஜெனரேட்டர், தண்ணீர்க் குழாய், இருபது ஆள். மூன்று பாறைச் சுவர் பார்த்திருக்கிறோம், அடுத்த கோடையில் ஒன்றில்தான் துளை போடுவார்கள், ஆறு பை சொல்கிற இடத்தில்.

"மெஷின் இங்கேயா வரும்?" என்று குன்சேஸ் கேட்டாள், நான் நினைத்தது அவளுக்குக் கேட்ட மாதிரி. "தெரியாது அச்சே." "உனக்குத் தெரியாதா? நீதானே கல்லை மூட்டை கட்டிட்டுப் போறே." அவள் கோபமாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகவும் சொல்லவில்லை. பாறைச் சுவரின் காலடியில் ஊற்று இருக்கிறது, அவள் ஆடுகளுக்கு அதுதான். அவளிடம் நான் என்ன சொல்ல முடியும்? ஊற்றுக்காக நான் ஏறவில்லை. இங்கே நிஜமாகவே நிறைய லித்தியம் இருந்தால் மெஷின் வரும், வரத்தான் செய்யும், அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். இருந்தால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு. அதற்கு மேல் ஒரு பிடி சொன்னாலும் அந்த ஒரு பிடி என் கையிலிருந்து போனது. இதை அவளுக்கு ஹிந்தியில் சொல்ல வரவில்லை, தமிழிலும் வந்திருக்காது. "பார்ப்போம்" என்றேன். "பார்" என்றாள். எழுந்தேன். இருபது அடி முடியவில்லை, பதினைந்தாக்கினேன். பதினைந்து, நிற்பு. நெஞ்சு கதவைத் தட்டுகிற மாதிரி தட்டுகிறது. தட்டட்டும். காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம், தையல் மெஷின் மாதிரி. எட்டு மணிக்குச் சுவருக்கு வந்துவிட்டோம்.

சுவர் எல்லாவற்றையும் வைத்திருந்தது. நான் போட்ட மஞ்சள் கோடு நேராக, ஆறு மீட்டர், இடமிருந்து வலம். கோட்டுக்கு மேலும் கீழும் பள்ளம் பள்ளமாக நான் கொத்தின இடங்கள், கோழி கொத்தின மாதிரி, ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பிலும் மிச்ச ஊதா. கோட்டின் மேல் ஒரு சாண் மட்டும்தான் வெட்டியிருந்தது. யார் வந்து பார்த்தாலும் ஒரே பார்வையில் படித்துவிடலாம். மழை கிடையாது, புல் முளைக்காது, ஐம்பது வருடம் இப்படியே இருக்கும். கையுறையைக் கழற்றி விரலை ஒரு பள்ளத்துக்குள் வைத்தேன், குளிர் நகத்துக்குள் போனது. பெயர் எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. சரி. நடுவில் மூன்றாவது மீட்டர் முழுக்க ஊதாவே இல்லை, வெறும் குவார்ட்ஸ், அழுக்கு வெள்ளை. அதற்கும் ஒரு பை கொண்டுபோனேனே, அந்தப் பைக்குள் இருந்தது எங்கிருந்து வந்தது? இரண்டாவது மீட்டரிலிருந்து. கை மட்டும் போனது என்றேனே. கால் எட்டி வைத்துப் போயிருக்கிறது. இதை நான் மறந்திருந்தேன், அல்லது மறந்துவிட்டதாக வைத்திருந்தேன். குன்சேஸ் பை வாயைப் பிடித்துக்கொண்டாள், நான் உளியைக் கோட்டில் வைத்தேன்.

அடி. அடி. பத்து அடிக்கு ஒரு மூச்சு. தூள் பறந்து நாக்கில் உப்பில்லாத ஒரு ருசி. விரல் முட்டியில் ஒரு அடி விழுந்தது, வலி கொஞ்சம் தாமதமாக வந்தது, இங்கே எல்லாமே தாமதமாக வருகிறது. ஊதா வந்தது, சுலபமாக வந்தது, கோட்டில் இருந்த அளவுக்கு எடுத்தேன், அதற்குப் பக்கத்தில் பெரிய தகடு ஒன்று, ஒரே தட்டில் வந்துவிடும், விட்டேன். விட்டதும் கை கூசியது, சாப்பாட்டை வீணடித்த மாதிரி. குவார்ட்ஸ் வந்தது. அடி. அவசரத்தில் ஆழம் குறைகிறதா என்று டேப் வைத்துப் பார்த்தேன், குறைந்திருந்தது, மறுபடி வெட்டினேன். "இந்தக் கல்லுல என்ன இருக்கு, ஒண்ணும் மினுங்கலையே" என்றாள் குன்சேஸ். "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லாததையா சுமக்கணும்?" "ஆமா, அதையும்தான்." "உன் வேலை எங்க மாமியார் வேலை மாதிரி இருக்கு" என்றாள். அவள் மாமியார் என்ன செய்வாள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் சிரிப்பேன், சிரித்தால் மூச்சு. ஒன்பதேகாலுக்கு ஒரு மீட்டர் முடிந்தது. பை நாலு கிலோ, சாம்பல், அழுக்கு, அங்கங்கே ஒரு ஊதா கண். உள்ளே பார்த்தேன். இதுதான். கூட்டிப் பெருக்கின குப்பை மாதிரி இருந்தது, எனக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், இப்போது கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். மிச்சம் ஐந்து. ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒன்று என்றால் முடிக்கப் பிற்பகல் மூன்றரை ஆகிவிடும், அதுவும் கை ஓயாமல் இருந்தால். இறங்க ஒன்றரை மணி. ஜீப் பதினொன்றுக்கு. இது காலையில் பல் துலக்கும்போதே தெரியும். ஒரு சாணுக்கு அரை மணி ஆனது தெரியும், பெருக்கத் தெரியாதவள் இல்லை நான். தெரிந்துதான் ஏறினேன். கூடாரத்துக்குள் நாலு வார்த்தை சொல்வதைவிட நானூறு மீட்டர் ஏறுவது எனக்குச் சுலபம். இதிலும் உளி மெத்தான இடத்துக்கே போயிருக்கிறது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் ஒரு கல்லைக் காட்டி என்ன என்றார்கள், எனக்குத் தெரியும், தொண்டைவரை வந்தது, பக்கத்தில் நின்ற பெனாசிர் சொல்லிவிட்டாள். வெளியே வந்து, "உனக்குத் தெரியும்னு தெரியும்டி, எவ்வளவு நேரம் காத்திட்டிருப்பாங்க?" என்றாள். எவ்வளவு நேரம். ஒன்பது இருபது. இரண்டாவது மீட்டரைத் தொடங்கினேன். சொல்லிவிட்டுத் தொடங்கலாம். பாதி முடித்துவிட்டுச் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? இதற்குத்தான் பொம்பளப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டி வரக்கூடாது என்பார்கள், எனக்கு அடுத்து வரப்போகிற ஒருத்திக்கும் சேர்த்துச் சொல்வார்கள். ஒப்பந்தம் இன்னும் நாலு மாதம், புதுப்பிக்க மாட்டார்கள். அம்மா பல்பைத் திட்டுவாள். அடி. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான். ஒன்றும் ஆகாது, லேயில் ஒரு லாரி, ஆய்வகத்தில் ஒரு மாவு மெஷின், ஒரு பெரிய எண், எல்லோரும் கை குலுக்குவார்கள், அடுத்த கோடையில் துளை, இருபது ஆள், ஒவ்வொரு மீட்டரிலும் குவார்ட்ஸ் குவார்ட்ஸ் என்று வரும், பாறை ஏமாற்றிவிட்டது என்பார்கள். பாறை. பத்தே முக்கால். இரண்டாவது மீட்டரில் முக்கால்வாசி. உளியைக் கீழே வைத்தேன். கையுறையில் ரத்தம் காய்ந்து விரல் ஒட்டியிருந்தது. பிரித்தேன். கீழே பொத்தான் பக்கத்தில் புள்ளிகள் அசைந்தன, சாமான் ஏற்றுகிறார்கள். வாக்கியை எடுத்தேன். ஒரே அலைவரிசை, முகாமில் எல்லோருக்கும் கேட்கும், டிரைவருக்குக்கூட. அழுத்திக்கொண்டிருக்கிறவரை மற்றவர் பேச முடியாது. இது ஒன்று எனக்கு வசதி. யார் முகமும் தெரியாது.

"சார், தமயந்தி பேசறேன்." "சொல்லும்மா, கெளம்பியாச்சு. படம் நல்லா விழுந்துச்சா?" அழுத்தினேன். "சார், படம் எடுக்க வரல. நாப்பத்தொண்ணுல இருந்து நாப்பத்தாறு வரைக்கும் ஆறு பையும் சேனல் சாம்பிள் இல்ல சார். கோட்டுல வெட்டல. நான் ஊதாவ மட்டும் பொறுக்கிப் போட்டேன், கெட்டிக் கல்ல விட்டுட்டேன். மூணாவது மீட்டர்ல ஊதாவே கெடையாது சார், பக்கத்துல இருந்து எடுத்தேன். அட்டைல எழுதினது பொய். அந்தப் பைய அனுப்பாதீங்க." விரலை எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன். இரைச்சல். பிறகு ஹாஜா அண்ணன்: "என்னம்மா, வெளயாடுதியா?" பிறகு இருதயராஜ் சார் குரல், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக: "தமயந்தி. தலை வலிக்கா? வாந்தி எடுத்தியா? அந்தப் புள்ள குன்சேஸக் கூப்பிடு." "வலிக்குது சார், தினம் வலிக்கிற மாதிரி. தெளிவாத்தான் சொல்றேன். ஒண்ணே முக்கால் மீட்டர் சரியா வெட்டியிருக்கேன், மிச்சத்த நாளைக்குள்ள முடிச்சிருவேன்." "நேத்து ராத்திரி ஆபீசுக்குப் போன் போட்டு, அந்தச் சுவருதான்னு சொல்லியாச்சும்மா. தெரியும்லா உனக்கு? ஒன் முன்னாலதான பேசினேன்." "தெரியும் சார்." "அப்பவே வாயத் தொறந்தா என்ன?" அழுத்தினேன், என் மூச்சு மட்டும் அங்கே எல்லோருக்கும் கேட்டிருக்கும். விட்டேன். இரைச்சல் மட்டும் வந்தது. வாக்கியைப் பாறைமேல் வைத்தேன். குன்சேஸ் தமிழ் புரியாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "திட்டினாங்களா?" "இன்னும் இல்ல." "ஜீப் கிளம்புது" என்றாள். பார்த்தேன். பொத்தான் நகர்ந்தது, பின்னால் தூசி எழுந்தது, ஓடையைப் பார்த்துப் போனது. போகட்டும். நான் சொன்னது நின்றுவிடாது, நாலு பேர் கேட்டாயிற்று. போனால் லேக்குப் போன் செய்வேன், ஆய்வகத்துக்கு எழுதுவேன், அட்டை எண் ஆறும் எனக்கு மனப்பாடம். முதுகைப் பள்ளத்தாக்குக்குக் காட்டித் திரும்பி உளியை எடுத்தேன். கால் மீட்டர் மிச்சம் இருந்தது, குவார்ட்ஸ். அடி. அடி.

"நோமோ" என்றாள் குன்சேஸ். அவளுக்குக் கண் கூர்மை, எதிர்ச் சரிவில் தன் ஆட்டை எண்ணுகிறவள். "நின்னுடுச்சு." அடி. "தண்ணிக்கு இந்தப் பக்கமே நின்னுடுச்சு. உன் பெரிய சார் இறங்கிட்டார். நிக்கறார். சும்மா நிக்கறார்." உளியை வைத்திருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு சுத்தியைத் தாழ்த்தினேன். "எவ்வளவு நேரமா?" "இன்னும் நிக்கறார். தண்ணியப் பாக்கறார்." திரும்பினேன். ஓடை வெயிலில் வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது, அதன் கரையில் ஜீப், ஜீப்புக்குப் பின்னால் ஒரு புள்ளி. புள்ளி குனிந்தது, நிமிர்ந்தது, நாலடி நடந்தது. குன்சேஸ் அவள் மொழியில் எண்ண ஆரம்பித்தாள், எனக்கு அந்த மொழியில் பத்துவரை தெரியும், கூடவே எண்ணினேன். இருதயராஜ் சார் ஆறாவது பையையும் இறக்கிக் கரையில் வைத்தார், பின்கதவைச் சாத்தினார், மற்ற பைகளோடு ஜீப்பை ஓடைக்குள் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு, தான் ஏறாமல், முகாமைப் பார்த்துத் திரும்பி நடந்தார்.